மூன்று மூக்குள்ள வீடு

"பிள்ளை, உங்கட மூக்கு ஒழுங்கா வேலை செய்யுதோ?"

வயர்மன் இராசையா ஒருநாள் ரபீக்காவிடம் கேட்ட கேள்வி இது. முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அவர் ஹோலில் ஏணிக்குக் கீழே நின்றார். அவள் பூப்போட்ட திரைக்குப் பின்னால் நின்றாள். குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டில் திரைக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது இராசையாவுக்கு வீட்டுக்காரரை விட நன்றாகத் தெரியும். துறைமுகத்துக்குப் பின்னால் ஒடுங்கிய தெருவாய்க் கிடந்த அந்த ஒழுங்கையில் லைற் எரியும் வீடுகளில் பாதிக்கு வயர் இழுத்தவர் அவர். எதையும் பேசுவதற்கு முன் ஒரு தடவை செருமுவார். செருமல் கேட்டதும் திரை ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

ரபீக்காவுக்குப் பத்தொன்பது வயதாகியும் வெளியாட்களிடம் குரல் வராது. அவளுடைய உம்மா பரீதாதான் அவளுக்காகக் கேட்டார்.

"ஏன் இராசையா அண்ணன், மூக்குக்கு என்ன?"

"இல்லை, ஆண்டவன் தந்த மூக்கு ரெண்டு இந்த வீட்டில இருக்கேக்க, குவைத்தில இருந்து இன்னும் மூண்டு என்னத்துக்கு எண்டுதான் கேட்டனான்."

அன்றிலிருந்து அவற்றுக்கு அந்த வீட்டில் மூக்கு என்றே பெயராகிவிட்டது. கோப்பையைக் கவிழ்த்து வைத்தது போன்ற மூன்று வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். முகட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். புகை வந்தால் மோப்பம் பிடித்து, வயர் வழியாக அலாம் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி, வெளிச்சுவரில் இருக்கும் ஹோர்னுக்குச் சொல்லும். ஹோர்ன் ஊருக்குச் சொல்லும். கதவை உடைக்க வரும் கள்ளனுக்கும் அதே பெட்டியில் ஒரு வயர் உண்டு. ரபீக்காவின் அண்ணன் ஜெமீல் காக்கா, குவைத்தில் பெரிய வீடுகளுக்கு இவற்றைப் பூட்டும் வேலையில் இருந்தார். அங்கிருந்துதான் அனுப்பியிருந்தார்.

அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் வறண்ட கச்சான் காற்று வீசிய நாட்களில் குசினிக் கூரையின் தென்னோலைக் கிடுகில் அடுப்புப் பொறி விழுந்து, பாதிக் கூரை போய்விட்டது. அடுத்த வீட்டு றுக்கியா மாமி கிணற்று வாளியோடு வேலிக்கு மேலால் பாயாவிட்டால் மீதியும் போயிருக்கும். இப்போது குசினிக்குத் தகரம் போட்டாயிற்று. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் மூதூரில் இருந்த முஹம்மது தம்பி மாமாவின் வாயில் மட்டும் அந்த நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் உம்மாவின் மூத்த காக்கா.

"ரெண்டு பொம்புளையள் தனிய இருக்கிற வீடு. இந்த முறை கூரையோட போச்சு. அடுத்த முறை? பேசாம மூதூருக்கு வந்து என்ட வீட்டில இருங்க."

கேட்பதற்கு இரக்கமாகத்தான் இருக்கும். மாமாவின் வீட்டில் மாமிக்கு முழங்கால் வருத்தம். சாப்பிட ஒரு பட்டாளம். கறக்க இரண்டு மாடு. ஒரு கலியாணத்துக்கென்று போய் அங்கே தங்கிவிட்டு வந்தபோது, அரைத்து அரைத்து மெலிந்த கையிலிருந்து ரபீக்காவின் வளையல் தானாகவே கழன்று விழுந்தது. இங்கே அவளுக்கு யன்னலோரம் ஒரு தையல் மெசின் இருந்தது. யாரும் கூப்பிடாத பகல் இருந்தது. அவற்றை விட்டுவிட்டுப் போக அவளுக்கு விருப்பமில்லை.

ஜெமீல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்லிக் கசெற்றில் பதிந்து அனுப்பியிருந்தார். "மாமா நோன்பு மாசத்தில வந்து தங்கிப் பாக்கட்டும். அலாம் ஒழுங்கா வேலை செய்யுது எண்டு அவர் கண்டா, நீங்க அங்கயே இருங்க. கரச்சல் எண்டு கண்டா, பெருநாளோட மூதூருக்குப் போங்க."

அதே கசெற்றில்தான் வயர் கட்டும் விளக்கமும் இருந்தது. பெட்டிக்குள் வந்த தாளில் அரபும் வேறு ஏதோ பாஷையும் இருந்தன, ஒன்றும் உதவவில்லை. ரேப் ரெக்கோடரைத் திரைக்கு அடியில் வைத்து, இரண்டு பக்கமும் கேட்கும்படி போட்டார்கள்.

"சிவப்பு வயரைக் கூட்டல் போட்ட ஆணியில கட்டுங்க. கறுப்பைக் கழித்தல்ல. மாத்திக் கட்டினா மூக்குச் செத்த மாதிரிக் கிடக்கும்," என்றது ஜெமீலின் குரல். "உம்மா, பிரஷர் குளிசை போடுறீங்களா?"

"ஓம் மகன், போடுறன். காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு," என்று உம்மா ரெக்கோடரைப் பார்த்துச் சொன்னார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கசெற் இரண்டு வயர் தாண்டிப் போய்விட்டது. திருப்பி ஓட்டினார்கள். மறுபடியும் கூட்டல், கழித்தல், குளிசை. மறுபடியும் உம்மா, "ஓம் மகன்."

"அக்கா, நீங்கள் பதில் சொல்லுற மட்டும் இந்தத் தம்பி வேலையை முடிக்க மாட்டார்," என்றார் இராசையா.

ஹோலும் முன்னறையும் இராசையாவின் பக்கம். குசினிக்குப் போகும் நடை திரைக்குப் பின்பக்கம். அங்கே ரபீக்காதான் ஏணியில் ஏற வேண்டியிருந்தது. குசினிக்கு உள்ளே பூட்ட வேண்டாம், அப்பம் சுட்டாலும் கத்தும், நடையில் பூட்டுங்கள் என்று ஜெமீல் சொல்லியிருந்தார். இராசையா திரைக்கு அடியால் வயரைத் தள்ளினார். அவள் இழுத்தெடுத்து, தையல் கத்தரிக்கோலால் அதன் தோலை உரித்தாள்.

"பிள்ளை, சிவப்பைப் பிடிச்சாச்சா?"

ரபீக்கா சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் ஓம். இரண்டு தட்டு என்றால் இல்லை. அதை யாரும் சொல்லிவைக்கவில்லை. தட்டத் தட்ட இராசையாவே விளங்கிக்கொண்டார்.

"ஒரு மூக்கில இருந்து மற்ற மூக்குக்கு வயர் போகக் கூடாது," என்றது கசெற். "ஒவ்வொண்டும் தனித்தனியாப் பெட்டிக்கு வரோணும். அப்பதான் எந்த இடத்தில புகை எண்டு பெட்டியில விளக்கு எரியும். ஒருக்கா எரிஞ்சா அது தானா அணையாது. சத்தத்தை நிப்பாட்டினாலும் அணையாது. சாவி போட்டாத்தான் அணையும். ரபீக்கா, நீ மெலிஞ்சு போனாயெண்டு ஆரோ சொன்னாங்க, சாப்பிடு."

ரபீக்கா பழக்கத்தில் சுவரை ஒரு தடவை தட்டினாள்.

எல்லாம் கட்டி முடிந்த பிறகுதான் ஹோர்னை எடுத்தார்கள். இராசையா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே கிலுகிலுவென்றது. "வழியில செத்துப்போச்சு," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் பாலையூற்றிலிருந்த தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கரியரில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. உள்ளே, பூசணிக்காய் அளவில் ஒரு சைரன்.

"உடைச்ச கப்பல் ஒண்டில இருந்து வந்த சாமான். சோடியா ரெண்டு வாங்கினனான். ஒண்டைப் பள்ளிவாசலுக்குப் பூட்டிக் குடுத்திட்டன், நோன்பு திறக்கிற நேரம் ஊத. மற்றது கட்டிலுக்குக் கீழ சும்மா கிடந்தது."

அந்த வசனத்தை யாரும் சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் சைரனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூட்டி முடித்து, நடையிலிருந்த மூக்குக்குக் கீழே ரபீக்கா ஊதுபத்திக் கட்டைப் பிடித்தாள். பெட்டியில் முதலாம் விளக்குச் சிவந்தது. சைரன் முதலில் வயிற்று வலிக்காரன் போல முனகியது. பிறகு எழும்பி எழும்பி, வேம்பிலிருந்த காகங்களையெல்லாம் கடல் பக்கம் விரட்டியது. றுக்கியா மாமி வாளியோடு வேலிக்கு மேலால் வந்தே விட்டார்.

"எங்க நெருப்பு?"

"நெருப்பு இல்ல மச்சி, சும்மா பாத்தது," என்றார் உம்மா.

"சொல்லிப்போட்டுப் பாக்கப்படாதா? சட்டியில மீன் கிடக்கு எனக்கு."

உம்மா அலாம் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்துவிட்டு, அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

தலை நோன்பன்று மாலைதான் விஷயம் விளங்கியது. பள்ளியில் சைரன் ஊதியதும் உம்மா நெருப்பென்று நினைத்து, பேரீச்சம்பழத்தோடு கிணற்றடிக்கு ஓடினார். பாதி வழியில் நின்று பெட்டியைப் பார்த்தால், விளக்கு எதுவும் எரியவில்லை. பள்ளிச் சைரனுக்கும் வீட்டுச் சைரனுக்கும் ஒரே தொண்டை. உடனே இராசையாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் சல்லிக் கிராமத்தில் கோயில் திருவிழாவுக்கு லைற் கட்டிக்கொண்டு நின்றார். திருவிழா முடிந்த கையோடு வந்து குரலை மாற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அதுவரை வீடே அடக்க ஒடுக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிச் சட்டி வீட்டுக்குள் வராமல் வளவோடு நின்றது. ரபீக்கா நுளம்புத்திரி கொளுத்தாமல் கடி தின்றாள்.

மாமா வந்தார். ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் ஊன்றுகோல், கக்கத்தில் ஒரு கட்டு வெறுஞ்சாக்கு. "சட்டி பானை கட்ட உதவும்," என்று சாக்கைப் பெட்டிக்குக் கீழே போட்டார். ஜெமீலின் முன்னறையில் படுத்தார். முதல் நாள் அலாமைப் பார்த்து, "விளையாட்டுச் சாமான்," என்றார். இரண்டாம் நாள் ஒழுங்கையிலிருந்து ஆட்கள் அதைப் பார்க்க வந்தார்கள். மாமாவுக்குக் கூட்டம் என்றால் விருப்பம். ஊன்றுகோலால் விளக்குகளைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"ஒண்டு, குசினி நடை. ரெண்டு, இந்த ஹோல். மூண்டு, நான் படுக்கிற அறை. என்ட மருமகன் அனுப்பினது. இதை ஏமாத்த ஏலாது."

ஆட்கள் போனதும் உம்மாவிடம் திரும்பினார். "அந்தச் சாக்கைத் தூசு தட்டி வை."

பகலில் அவர் பெரிய பேணுதல்காரர். ஒழுங்கையில் எவனாவது எச்சில் விழுங்கினாலும் கண்டுபிடித்து விடுவார். ஆனால் மத்தியானம் லுஹர் தொழுத பிறகு, கொல்லையில் முருங்கைக்குப் பின்னாலிருந்த கக்கூஸ் பக்கம் போவார். நெடுநேரம் நிற்பார். திரும்பி வரும்போது அத்தர் பூசியிருப்பார். அத்தருக்கு அடியில் இன்னொரு மணம் இருக்கும். ரபீக்காவின் காலமாகிப்போன வாப்பாவின் சட்டைப் பையில் இருந்த மணம். அவளுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. உம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. மூக்குக் கண்டதை வாய்க்குக் கொண்டுபோகும் வழி அவளிடம் இல்லை.

பள்ளிக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முறை. அவர்களுடைய முறை வந்த நாளில் கச்சான் வாய் பிளந்து வீசியது. மண்ணெல்லாம் பறந்தது. மத்தியானத்திலிருந்தே கொல்லையில் அடுப்பு மூட்டி, றுக்கியா மாமியும் மற்றப் பெண்களும் பானையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா பின்வாசலுக்கு வந்தார். பெண்கள் முக்காட்டை இழுத்தார்கள். மாமா திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். முக்காடு மறுபடி ஏறியது. மூன்றாம் தரமும் வந்து திரும்பியபோது றுக்கியா மாமி கரண்டியை நிறுத்தினார்.

"பரீதா, உங்கட காக்காக்கு வயித்தால போகுதாமா? கேளுங்க. நாங்க வேணுமெண்டா எழும்பி நிக்கிறம்."

முக்காடுகளுக்குள் சிரிப்புக் குலுங்கியது. முன்னறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

கஞ்சி பள்ளிக்குப் போயிற்று. வீட்டுக்கு எடுத்து வைத்ததைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு உம்மாவும் ரபீக்காவும் நடையில் பாயில் உட்கார்ந்தார்கள். ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. வெயில் மதிலில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பழம், காது பள்ளிப் பக்கம்.

சைரன் ஊதியது.

ஒழுங்கை ஒரே வாயாகத் திறந்தது. மணிக்கூட்டைப் பார்த்தவர்கள், மணிக்கூடு பிந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்கள். உம்மாவும் பழத்தைக் கடித்தார். ரபீக்காவின் நாக்கில் பழம் பட்டபோதுதான் அவள் கோப்பையைக் கவனித்தாள். கஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தது. பள்ளிச் சைரனுக்குக் கஞ்சி நடுங்காது.

அவள் பழத்தைக் கைக்கு எடுத்துக்கொண்டு ஹோலுக்கு ஓடினாள். பெட்டியிலிருந்த சத்தச் சுவிச்சை அமர்த்தினாள். சத்தம் இறங்கி நின்றது. பெட்டியில் ஒரு விளக்குச் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

ஊர் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு, நிதானமாக, உரிய நேரத்தில், பள்ளிச் சைரன் ஊதியது.

வாய் நிறையக் கஞ்சியோடு ஒழுங்கை அப்படியே உறைந்துபோயிற்று.

முதலில் வந்தது றுக்கியா மாமி. "இந்தக் கச்சான்ல நாள் முழுக்க நாக்கு ஒட்டிக் கிடந்தனான் பரீதா. கடைசி ஒரு சொட்டு நேரத்துக்கு இப்பிடிச் செய்தீங்களே. இனி இதுக்குப் பதிலா நான் கழா நோன்பு பிடிக்கோணும்." அவருக்குப் பின்னால் மற்ற வீட்டு ஆட்கள். அவர்களுக்கும் பின்னால் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு ஹிஸ்புல்லா மோதினார். பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொல்வதும் சைரன் ஊதுவதும் அவர் பொறுப்பு.

"ஆர் என்ட சைரனை ஊதினது? நான் சுவிச்சில கை வைக்கவே இல்ல. ஊதிற சத்தம் கேட்டு நானே நம்பி, ஒரு பழத்தை விழுங்கிப்போட்டன்."

"மோதினாரே விழுங்கினா நாங்க என்ன செய்யிறது?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

முன்னறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பை வெளியே எடுத்து, உடனே பின்னால் சாத்திவிட்டு மாமா வந்தார். அத்தர் கமகமத்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னனானா இல்லையா? மத்தியானத்தில இருந்து கஞ்சி அடுப்பு, புகை. பொம்புளையளுக்கு இந்த மெசினெல்லாம் சரிவராது. ஒழுங்கை முழுக்க நோன்பைக் கெடுத்தாச்சு. பரீதா, நாளைக்கு முதல் லோஞ்சில மூதூர். இப்பவே சாமானைச் சாக்கில போடு."

உம்மா ஒழுங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து, பெட்டிக்குக் கீழே கிடந்த சாக்கில் ஒன்றை எடுத்து உதறினார்.

திரை இடுக்கால் ரபீக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு உதறும் சத்தம் அவளுக்கு அம்மியில் குழவி உருளும் சத்தமாகக் கேட்டது. அடுப்புப் புகை என்றால் எரிய வேண்டியது முதலாம் விளக்கு. எரிந்துகொண்டிருந்தது மூன்றாவது. அது அங்கே எல்லோருடைய தலைக்கும் மேலே, சிவப்பாக, வெட்கமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். இல்லை என்று. அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் சல்லியில் லைற் கட்டிக்கொண்டிருந்தார்.

உம்மா இரண்டாவது சாக்கை எடுத்தார்.

"மாமாட அறையில நெருப்பு."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திரை ஆடிக்கொண்டிருந்தது. ரபீக்காவுக்கே அது தன் குரலா என்று சந்தேகமாக இருந்தது. பெட்டி சொன்னதைத்தான் அவள் சொன்னாள். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

றுக்கியா மாமி விளக்கைப் பார்த்தார். "ஓம், மூண்டு எரியுது. மூண்டு நீங்க படுக்கிற அறை எண்டு அண்டைக்கு நீங்கதானே தடியால தட்டிக் காட்டினீங்க?"

"ஏமாத்த ஏலாது எண்டும் சொன்னவர்," என்றார் மோதினார்.

"அறையில ஒண்டும் இல்ல," என்றார் மாமா. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"இருக்கும் காக்கா. போன வருஷமும் பரீதா ஒண்டும் இல்ல எண்டுதான் சொன்னது, பாதிக் கூரை போச்சு. விலகுங்க."

"ஒண்டும் இல்ல எண்டுறன்."

"அப்ப கதவால வாறது என்ன?"

கதவின் அடி இடுக்கால் கச்சான் மெல்லிய நூல் போலப் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மாமா பாவம், யன்னலோரம் நின்றுதான் ஊதியிருக்கிறார். யன்னலுக்கு வெளியே அனுப்பிய புகையைக் காற்று வாங்கித் திரும்ப உள்ளுக்கே, மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. சைரன் அலறியதும் கையிலிருந்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் எங்கோ போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு யோசித்துப் பார்த்து விளங்கியது. அப்போது எல்லோருக்கும் தெரிந்தது புகை மட்டும்தான். இரண்டு பேர் மாமாவைத் தோளில் பிடித்து மரியாதையாக விலக்கினார்கள். றுக்கியா மாமி கதவைக் காலால் தள்ளி, வாளித் தண்ணீரை அப்படியே வீசினார். பின்னாலிருந்து இன்னொரு வாளி வந்தது. மூன்றாவதும் வந்தது.

கட்டில் நனைந்தது. சூட்கேஸ் நனைந்தது. தண்ணீர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹோலுக்கு நிதானமாக வெளியே வந்தது. தனியாக வரவில்லை. ஒரு சிகரட் பெட்டி, ஒரு நெருப்புப் பெட்டி, அரைவாசி எரிந்து ஊறிப்போன ஒரு சிகரட், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்து மோதினாரின் காலடியில் நின்றன.

மோதினார் முகட்டைப் பார்த்தார். சிலர் மதிலைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க எல்லோரும் மிகவும் பாடுபட்டார்கள்.

"நெருப்பு அணைஞ்சிட்டு," என்றார் றுக்கியா மாமி. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். போகும்போது திரைப் பக்கம் திரும்பி, "சாமான் நல்ல சாமான் மகள். மூக்கு ஒழுங்கா வேலை செய்யுது," என்றார்.

ரபீக்கா உள்ளிருந்து சுவரை ஒரு தடவை தட்டினாள்.

உம்மா கையிலிருந்த சாக்கைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்தார். மற்றச் சாக்குகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக ஓரம் ஒத்து மடித்து அடுக்கி, நனைந்த சூட்கேசின் மேல் வைத்தார். முந்தானையை அவிழ்த்துச் சாவியை எடுத்துத் திருப்பினார். மூன்றாம் விளக்கு அணைந்தது. "காக்கா, கஞ்சி ஆறுது," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, சுபஹ் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் மாமா முன்னறையிலிருந்து வெளியே வந்தார். சூட்கேஸ் இன்னும் சொட்டியது. வெறுஞ்சாக்குக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உம்மா வாசல் வரை வந்து நின்றார். ரபீக்கா திரையை ஒதுக்கிப் பார்த்தாள். ஹோலின் நடுவில், இரண்டாம் மூக்குக்குக் கீழே வரும்போது மாமா நின்றார். அண்ணாந்து அதைப் பார்த்தார். பிறகு கன்னம் இரண்டையும் உப்ப வைத்து, மூச்சை உள்ளேயே அடக்கிக்கொண்டு, கால் பெருவிரலில் ஊன்றி அதைக் கடந்தார். படி இறங்கி, வாசல் படலையைத் தாண்டிய பிறகுதான் மூச்சை விட்டார். அப்படியே திரும்பிப் பார்க்காமல், லோஞ்சி நிற்கும் துறையை நோக்கி நடந்தார்.